முகவரியின் முன்பாதி

தராசக்காவின் மேசைக்கு எதுவும் சுத்தமாக வந்து சேராது. கறிக்கடைத் தராசு கொழுப்புப் பிசுக்கோடு வரும். ரொட்டிக்கடைத் தராசைத் திறந்தால் மாவு பறக்கும். காய்கறிக்காரர் கொண்டுவந்த ஒன்றின் வயிற்றுக்குள் எறும்புகள் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன. தட்டில் எதுவும் வைக்காமலே அரைக் கிலோ காட்டுகிறது என்பது அவருடைய புகார். அவள் எறும்புகளைத் தூரிகையால் தள்ளிவிட்டு, உள்ளேயிருந்த போர்டைத் துடைத்து, எடைக்கற்களை ஒவ்வொன்றாக ஏற்றி இறக்கிப் பார்த்து, "இனிமே எறும்பையும் சேத்து நிறுக்காது, எடுத்துட்டுப் போங்க" என்று திருப்பிக் கொடுத்தாள். எலெக்ட்ரானிக் தராசு பழுதுபார்க்கிற கடை அந்தக் கடைத்தெருவுக்கே ஒன்றுதான். முதலாளி முன்னால் உட்கார்ந்து ஆட்களிடம் பேசுவார். அவள் பின்கட்டில் உட்கார்ந்து தராசுகளிடம் பேசுவாள். அவர் இளைஞராயிருந்த காலத்தில் தொடங்கிய கடை, அவள் டிப்ளமோ முடித்த கையோடு வந்து சேர்ந்தவள். இருவருக்கும் இப்போது தலை நரைத்துவிட்டது.

அவளுக்கு இன்னொரு கிறுக்கும் உண்டு. ஒரு பெரிய மளிகைக்கடைக்காரர் பில் போடுகிற கம்ப்யூட்டரை மாற்றியபோது, பழையதை உடைசல் தராசுகளோடு சேர்த்துத் தூக்கிப்போடச் சொல்லி அனுப்பியிருந்தார். அவளுக்கு மனசு வரவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பின்னறையில், கணவரின் துணி வெட்டும் மேசைக்கு எதிர்ச்சுவரில் வைத்தாள். உள்ளே இருந்ததை எல்லாம் துடைத்து அழித்தாள். ஒன்றுமே இல்லாத கம்ப்யூட்டரை எழுப்பி உட்காரவைப்பது எப்படி என்று பார்க்க ஆசை. இணையத்தில் தேடித் தேடிப் படித்து, தன் கையாலேயே ஓர் இயங்குதளம் எழுத ஆரம்பித்தாள். விற்பதற்கில்லை, யாருக்கும் காட்டுவதற்கும் இல்லை. சிலர் மொட்டைமாடியில் ரோஜா வளர்க்கிறார்கள் அல்லவா, அந்த மாதிரி.

லேப்டாப்பில் எழுதுவாள், பென் டிரைவில் ஏற்றுவாள், பழைய கம்ப்யூட்டரில் செருகி ஸ்விட்சைத் தட்டுவாள். இயங்குதளத்தின் நடுப்பகுதிக்குக் கெர்னல் என்று பெயர். கால்சட்டை வெட்டுவதில் பெயர் வாங்கிய தையல்காரரான கணவரின் காதில் அது கர்னல் என்று விழுந்துவிட்டது. அன்றிலிருந்து, கத்தரியைக் கீழே வைக்காமலே விசாரிப்பார்:

"என்ன, கர்னல் எந்திரிச்சாரா?"

"எந்திரிச்சார், சல்யூட் அடிச்சார், விழுந்துட்டார்" என்பாள் அவள்.

இப்படியே விழுந்தும் எழுந்தும் கர்னல் கொஞ்சம் தேறினார். திரையில் எழுத்துக் காட்டக் கற்றுக்கொண்டார். தன்னிடம் எவ்வளவு நினைவகம் இருக்கிறது என்று சொல்லக் கற்றுக்கொண்டார். தப்பு நடந்தால் சுருண்டு விழாமல், "தப்பு" என்ற சொல்லை ஆங்கில எழுத்தில் காட்டி, அது எந்த வகைத் தப்பு, நினைவகத்தில் எந்த முகவரியில் நடந்தது என்று சொல்லிவிட்டு நிற்கவும் கற்றுக்கொண்டார். அதைச் சோதிக்க அவள் வேண்டுமென்றே ஓர் எண்ணைப் பூஜ்யத்தால் வகுக்கச் சொல்ல, கர்னல் ஒழுங்காகத் தப்பை ஒப்புக்கொண்டு நின்ற நாளில், மாடி வீட்டு நாத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டினாள். நாத்தனார் திரையையும் இவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "தப்புன்னு வந்ததுக்கா அண்ணி இவ்வளவு சந்தோஷம்?" என்று கேட்டாள்.

அடுத்தது கீபோர்டு என்று திட்டம் போட்டிருந்தபோதுதான் காய்ச்சல் வந்தது.

முதலில் வெறும் தலைவலி என்று நினைத்தாள். மாத்திரை போட்டுக்கொண்டு கடைக்குப் போனாள். எடைக்கல்லைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவள் அப்படியே மேசையோரம் சரிந்தாள். முதலாளிதான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். மூளைக்காய்ச்சல் என்றார்கள். பல நாள் அவளுக்கு ஒரு நினைவும் இல்லை. கண் திறந்தபோது கணவர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இஞ்ச் டேப் கழுத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றவேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை போலும்.

உயிர் பிழைத்தது பெரிய காரியம் என்று எல்லோரும் சொன்னார்கள். அவளும் தலையாட்டினாள். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு சொற்கள் காலை வாரின. கரண்டியை எடுங்கள் என்று சொல்ல நினைத்தால் வாய் சாவியை எடுங்கள் என்றது. கதவைத் திறந்துவிட்டு எதற்குத் திறந்தோம் என்று நிற்பாள். டாக்டர் படங்களைக் காட்டிப் பெயர் கேட்டார், எண்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னார், எல்லாம் முடித்துவிட்டு, "நல்லாத் தேறிட்டு வர்றீங்க, இன்னும் கொஞ்சம் டைம் எடுக்கும், அவ்வளவுதான்" என்றார். அந்த "அவ்வளவுதான்" அவளுக்குள் இறங்கவில்லை. டாக்டர்கள் நல்லதைத்தானே சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

கடைக்குத் திரும்பிய புதிதில் ஒரு காரியம் நடந்தது. ஒரு பழக்கடைத் தராசுக்கு அளவு வைக்கும்போது ஐந்து கிலோ கல்லுக்குப் பதில் இரண்டு கிலோ கல்லை ஏற்றி, அதையே ஐந்து என்று தராசுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டாள். வாடிக்கையாளர் கைக்குப் போவதற்கு முன் முதலாளி பார்த்துவிட்டார். அவர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. "கொஞ்ச நாள் முன்னாடி உக்காந்து ரசீது போடும்மா, பின்னாடி நான் பாத்துக்கறேன்" என்றார். அவர் கத்தியிருந்தால்கூடத் தேவலை. கத்தாமல் விட்டதுதான் அவளைத் தின்றது. நொந்த பிள்ளையைத் தூக்கி ஓரமாக உட்காரவைப்பதுபோல உட்காரவைத்துவிட்டார்.

அன்று முதல் அவள் தன்னையே உளவு பார்க்க ஆரம்பித்தாள். குடையை மறந்தால், சரி, போய்விட்டது. பால் பொங்கினால், சரி, போய்விட்டது. யாரிடமும் இதைச் சொல்லவில்லை. கணவர் கேட்டால் நன்றாக இருக்கிறேன் என்பாள். நாத்தனார் ஒருநாள் தன் போனைத் துணியோடு சேர்த்து ஊறவைத்துத் துவைத்துவிட்டு வந்து உட்கார்ந்து புலம்பினாள். அழகு நிலையம் நடத்துபவள், வாடிக்கையாளர் எண்கள் எல்லாம் அதில்தான். தராசக்கா ஆறுதல் சொன்னாள். அதே காரியத்தைத் தான் செய்திருந்தால் வாரக்கணக்கில் தூக்கம் போயிருக்கும் என்பது அவளுக்கே தெரியும். ஆனாலும் நாத்தனாருடைய மறதி வேறு, தன்னுடையது வேறு என்றுதான் பட்டது. நாத்தனாருக்குக் காய்ச்சல் வரவில்லையே.

கம்ப்யூட்டர் மேல் கணவர் ஒரு துணியைப் போர்த்தி வைத்திருந்தார். அதை எடுக்க அவளுக்குப் பல மாதம் துணிச்சல் வரவில்லை. எடுத்த அன்று, தான் எழுதியதைத் தானே படித்தாள். ஒவ்வொரு வரியும் புரிந்தது, ஆனால் எழுதிய ஞாபகமே இல்லை. யாரோ ஒரு கெட்டிக்காரி எழுதி வைத்துவிட்டுப் போனதுபோல இருந்தது. மனசுக்குள் அவளுக்குப் "பழையவள்" என்று பெயர் வைத்தாள். பழையவள் எவ்வளவு சுருக்கமாக எழுதியிருக்கிறாள், எவ்வளவு துணிச்சலாக எழுதியிருக்கிறாள்! அவளுடைய வரிகளில் கைவைக்கவே கூசியது.

முதலில் சின்ன வேலையாக எடுத்துக்கொண்டாள். காய்ச்சலுக்குப் பிறகு கண் சீக்கிரம் களைத்துவிடுகிறது. அதனால் திரையில் எழுத்துகள் பெரிதாக வரவேண்டும். ஒவ்வோர் எழுத்துக்கும் புள்ளி புள்ளியாகப் பெரிய படம் செய்து, எல்லாவற்றையும் ஓர் அட்டவணையாக்கிக் கெர்னலுக்குள் வைத்தாள். அது ஒழுங்காக வேலை செய்தது. பனியனில் அச்சடிக்கிற எழுத்து மாதிரி கொட்டை கொட்டையாக இருக்கிறது என்றார் கணவர். அந்தத் தெம்பில்தான் பழையவள் விட்ட இடத்துக்குப் போனாள். கீபோர்டு.

கம்ப்யூட்டருக்குள் ப்ராசசர் தன்பாட்டுக்கு ஏதோ ஒரு வேலையில் இருக்கும். நாம் ஒரு விசையைத் தட்டினால், அந்தச் செய்தி குறுக்கே புகுந்து அதன் தோளைத் தட்ட வேண்டும். ப்ராசசர் வேலையை விட்ட இடத்தைக் குறித்துக்கொண்டு ஓர் அட்டவணையைப் பார்க்கும்: இந்த எண்ணில் அழைப்பு வந்தால் எந்த முகவரிக்குப் போக வேண்டும்? அந்த முகவரியில் எழுதி வைத்திருக்கிற வேலையைச் செய்துவிட்டு, விட்ட இடத்துக்குத் திரும்பி வரும். இதற்கு இன்டரப்ட் என்று பெயர். குறுக்கீடு. அட்டவணையைப் பழையவள் ஏற்கெனவே செய்து வைத்திருந்தாள். தப்புகளுக்கான முகவரிகள் எல்லாம் அதில்தான் இருந்தன. இவள் செய்ய வேண்டியது, கீபோர்டுக்கான வேலையை எழுதி, அதன் முகவரியை அந்த அட்டவணையில் சேர்ப்பது மட்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. வெளியிலிருந்து வரும் அழைப்புகளை எல்லாம் வாங்கி ப்ராசசருக்குத் தள்ளிவிடுகிற சிப் ஒன்று இருக்கிறது. அதை அப்படியே விட்டால், அது கொடுக்கும் எண்களும் ப்ராசசரின் சொந்தத் தப்பு எண்களும் ஒன்றோடொன்று மோதும். எனவே சிப்புக்கு வேறு எண்களைச் சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் கதவைத் திறக்க வேண்டும். அதையும் எழுதினாள். கம்ப்யூட்டரின் உள்கடிகாரம் விடாமல் அனுப்பும் அழைப்பை இப்போதைக்கு அடைத்துவிட்டுக் கீபோர்டு அழைப்புக்கு மட்டும் வழி விட்டாள். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் பார்க்க வேண்டும் என்பது தராசு கற்றுக்கொடுத்த பழக்கம்.

ஒரு விடுமுறை நாள் காலையில் ஸ்விட்சைத் தட்டினாள். கர்னல் எழுந்தார், பெரிய எழுத்தில் வணக்கம் வைத்தார், காத்துக்கொண்டிருந்தார். அவள் ஒரு விசையை அழுத்தினாள்.

"தப்பு 6" என்று வந்தது. அதன் கீழே ஒரு முகவரி. அதோடு எல்லாம் உறைந்துவிட்டது.

ஆறு என்றால், தனக்குத் தெரியாத கட்டளை என்று ப்ராசசர் சொல்கிறது. அவள் எழுதியதில் தெரியாத கட்டளை எதுவும் இல்லை. ஆனால் அவள் எழுதியது என்பதே அவளுக்குச் சந்தேகம் பிடிக்கப் போதுமாக இருந்தது. சிப்புக்கு எண் சொல்லும் பகுதியைத் திரும்பப் படித்தாள், அழித்துவிட்டு எழுதினாள், அதே தப்பு. கீபோர்டு வேலையை அழித்துவிட்டு எழுதினாள், அதே தப்பு. இணையத்தில் மற்றவர்கள் எழுதியதைப் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிட்டாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. சரியாக இருப்பதாகத் தெரிவதே மூளை கெட்டதற்கு அடையாளமோ என்னவோ என்று தோன்ற ஆரம்பித்தது. எதிரே இருக்கிற பிழை கண்ணில் படவில்லை என்றால் அதற்கு வேறென்ன அர்த்தம்?

வாரங்கள் இப்படிப் போயின. கடையில் ரசீது போடுவாள், வீட்டுக்கு வருவாள், விடுமுறை நாளில் ஒரு விசையை அழுத்துவாள், "தப்பு 6" வாங்கிக்கொள்வாள். கணவர் கர்னலைப் பற்றி விசாரிப்பதை நிறுத்திவிட்டார். ஒரு மதியம் அவள் சாப்பிட்ட தட்டைக் கழுவாமல் அப்படியே உட்கார்ந்திருக்க, அவர் ஊசியில் நூல் கோத்தபடி, "அதை மூடி வச்சிடேன்மா, கொஞ்ச நாளைக்கு" என்றார். அவரும் முதலாளியும் பேசி வைத்துக்கொண்டு சொல்வதுபோல இருந்தது அவளுக்கு. எழுந்துபோய்த் தட்டைக் கழுவினாள்.

கழுவும்போதே கோபம் வந்தது. அவர்மேல் அல்ல, தன்மேல். ஒரு தராசு இப்படி அடம்பிடித்தால் நான் என்ன செய்வேன்? போர்டைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப் போகவா செய்வேன்? கல்லை ஏற்றி, தராசு என்ன சொல்கிறது என்று கேட்பேன். இது இத்தனை நாளாக ஒரு முகவரியைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. நான்தான் அதைக் குப்பை என்று ஒதுக்கிவிட்டேன். குப்பையாக இருந்தால் தடவைக்குத் தடவை மாற வேண்டாமா? ஒவ்வொரு முறையும் அதே எண்தானே வருகிறது?

கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். கெர்னலில் ஒரே ஒரு வரி சேர்த்தாள். விசை அழுத்துவதற்கு முன்பாகவே, கீபோர்டு வேலை உண்மையில் எந்த முகவரியில் இருக்கிறது என்று திரையில் காட்டச் சொன்னாள். பென் டிரைவை மாற்றினாள். கர்னல் எழுந்து, வணக்கம் வைத்து, முகவரியைக் காட்டினார். அவள் விசையை அழுத்தினாள். "தப்பு 6" என்று வந்து, அதன் கீழே தப்பு நடந்த முகவரி விழுந்தது.

இப்போது இரண்டு முகவரிகளும் பெரிய எழுத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன. பின்பாதி இரண்டிலும் ஒன்றேதான். கீழே இருந்ததில் முன்பாதி மட்டும் பூஜ்யமாக இருந்தது.

அவள் நாற்காலியில் சாய்ந்தாள். வீட்டு எண் சரியாக இருக்கிறது, தெரு இல்லை. ப்ராசசர் பாவம், அதே எண்ணுள்ள வீட்டைத் தேடி முதல் தெருவுக்குப் போய், யாரோ ஒருவர் வீட்டுக்குள் நுழைந்து, அங்கே இருப்பது தனக்கு விளங்காமல் முழித்திருக்கிறது.

முகவரியை அட்டவணையில் எழுதுகிற பகுதியைத் திறந்தாள். இத்தனை வாரங்களில் அவள் திறந்தே பார்க்காத பகுதி அது ஒன்றுதான். ஏனென்றால் அது பழையவள் எழுதியது. அந்த அட்டவணையில் ஒரு முகவரியை இரண்டு பாதியாகப் பிரித்து, இரண்டு இடத்தில் எழுத வேண்டும். பின்பாதியைப் பழையவள் ஒழுங்காக எழுதியிருந்தாள். முன்பாதி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பூஜ்யத்தைப் போட்டுவிட்டுப் போயிருந்தாள். அப்போது கெர்னல் சின்னது, எல்லாமே முதல் தெருவிலேயே அடங்கிவிட்டது, பூஜ்யமே சரியான பதிலாக இருந்தது. இவள் பெரிய எழுத்துக்காகச் செருகிய படங்கள் இடத்தை அடைத்துக்கொள்ள, புதிதாக எழுதியதெல்லாம் அடுத்த தெருவுக்குத் தள்ளப்பட்டுவிட்டது. இது தற்காலிகம், பிறகு மாற்ற வேண்டும் என்று ஒரு குறிப்புக்கூட இல்லை. பழையவளுக்கு அவ்வளவு தன்னம்பிக்கை.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகையும் வரவில்லை. முதுகில் கட்டியிருந்த மூட்டையை யாரோ பின்னாலிருந்து மெல்லத் தூக்கிப் பிடித்ததுபோல இருந்தது. பிழை காய்ச்சலுக்கு முந்தையது. உடம்பும் மூளையும் நன்றாக இருந்த நாளில் செய்த பிழை. அதைக் கண்டுபிடித்தவளோ காய்ச்சலுக்குப் பிந்தியவள்.

பூஜ்யத்தை எடுத்துவிட்டு முன்பாதியை எழுதினாள். எழுதியதை இரண்டு முறை சரிபார்த்தாள். ஸ்விட்சைத் தட்டினாள். கர்னல் எழுந்தார். கர்னல் பெயரையே அடித்துப் பார்க்க நினைத்து, ஆங்கிலத்தில் அதன் முதல் எழுத்துக்கான விசையை அழுத்தினாள். திரையில் பனியன் எழுத்தில் அந்த ஓர் எழுத்து வந்து உட்கார்ந்தது.

அடுத்த விசையை அழுத்தினாள். ஒன்றும் வரவில்லை. இன்னொன்றை அழுத்தினாள். ஒன்றும் வரவில்லை. எல்லா விசைகளையும் தட்டினாள். அந்த ஓர் எழுத்து மட்டும் தனியாக முழித்துக்கொண்டிருந்தது.

நேற்றைக்கு இது நடந்திருந்தால் அவள் துணியைப் போர்த்திவிட்டுப் போய்ப் படுத்திருப்பாள். இன்று, ஓகோ, என்ன விட்டோம் என்று யோசித்தாள். தப்பு எதுவும் காட்டவில்லை, கர்னல் உறையவும் இல்லை. அழைப்பு ஒரு முறை வந்தது, பிறகு வரவில்லை. அழைப்பைத் தள்ளிவிடுகிற அந்தச் சிப், வேலை முடிந்தது என்று யாராவது சொன்னால்தான் அடுத்ததை அனுப்பும். அதைச் சொல்லும் வரியைக் காணோம். போன வாரம் அழித்து எழுதியபோது விட்டுவிட்டாள். இது பழையவள் செய்த பிழை அல்ல, முழுக்க முழுக்க இவளுடையது. இவளுக்கு இப்போது சிரிப்பு வந்துவிட்டது. திரையைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள்.

சத்தம் கேட்டுக் கணவர் கத்தரியை வைத்துவிட்டு எழுந்து வந்தார். அவர் முகத்தில் பயம்தான் இருந்தது.

"என்னம்மா ஆச்சு?"

"ஒரு வரி மறந்துட்டேங்க."

மறந்துவிட்டேன் என்று அவள் சிரித்துக்கொண்டே சொல்லி அவர் பல மாதமாகக் கேட்டதில்லை. பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். அவள் அந்த வரியை எழுதி, பென் டிரைவை மாற்றி, மறுபடி ஸ்விட்சைத் தட்டினாள். பிறகு விசைகளைத் தட்டத் தட்ட எழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசைகட்டி வந்தன. வரி நிரம்பி அடுத்த வரிக்கு ஓடின. அவள் எழுதியதில் அர்த்தம் ஒன்றும் இல்லை, வெறும் எழுத்துகள்தான். அவர் அவற்றை ஏதோ கடிதம் படிப்பதுபோலப் படித்துக்கொண்டிருந்தார்.

பிறகு அவள் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். தெரு இல்லாத வீட்டு எண், பழையவள் போட்டுவிட்டுப் போன பூஜ்யம், காய்ச்சலோடு தன் புத்தி போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தது, பால் பொங்கும்போதெல்லாம் போய்விட்டது என்று எண்ணிக்கொண்டது, கடையில் ஓரமாக உட்காரவைத்தது, எல்லாவற்றையும். அவர் கேட்டுக்கொண்டே வந்தார். பழையவள் எவ்வளவு கெட்டிக்காரி என்ற இடம் வந்தபோதுதான் அவரால் தாங்க முடியவில்லை.

"யாரு, நீயா? காய்ச்சலுக்கு முன்னாடியா? நீ குடையைத் தொலைக்காத மழைக்காலம் ஒண்ணு சொல்லு. என் தங்கச்சி கல்யாணத்தன்னைக்குப் பூட்டு சாவியை உள்ள வச்சு வீட்டைப் பூட்டினது யாரு? கல்யாணப் பொண்ணு ஜன்னல் வழியா இறங்கிப் போனா."

அவள் அதை மறந்தே போயிருந்தாள். நினைவு வந்ததும் காது மடல் சூடாகிவிட்டது.

"அப்பவும் இப்படித்தானா நான்?"

"அப்போ இதைவிட மோசம். இப்பவாவது ரெண்டு தடவை பாத்துட்டுச் செய்யற." இஞ்ச் டேப்பைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "நீ அடுப்படியில இருந்து வந்ததும் நான் போய் கேஸை ஒருக்காப் பாத்துட்டு வருவேன். இத்தனை மாசமா. ஒரு நாள்கூட நீ திறந்து வச்சது இல்ல. சொன்னா நீ வருத்தப்படுவியேன்னு சொல்லல."

அவளுக்குச் சுருக்கென்றது. உடனே இன்னொன்றும் தோன்றியது: நான் தனியாகப் பயந்துகொண்டிருக்கிறேன் என்று நினைத்த நாளெல்லாம் இந்த மனுஷனும் அடுப்படிக்கும் பின்னறைக்கும் நடந்துகொண்டிருந்திருக்கிறார். அவள் அவருடைய கையிலிருந்து இஞ்ச் டேப்பை வாங்கி மேசைமேல் வைத்தாள்.

"இனிமே போய்ப் பாக்க வேண்டாம். நீங்க நடந்து நடந்தே செருப்பு தேஞ்சுபோச்சு."

மறுநாள் கடையில், முதலாளி டீ குடித்து முடிக்கிறவரை காத்திருந்து, பின்கட்டு மேசைக்கே திரும்பிப் போகட்டுமா என்று கேட்டாள். கேட்கும்போதே ஏற்பாட்டையும் சொன்னாள்: கொஞ்ச காலத்துக்கு, அளவு வைத்த ஒவ்வொரு தராசையும் அவர் ஒரு முறை கல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஏம்மா, அது புது ஏற்பாடா? நீ வேலைக்குச் சேந்த நாள்ல இருந்து நீ பண்ணினதை நான் பாத்துட்டுத்தான் அனுப்பறேன். நான் பண்ணினதை நீ பாப்ப. ஒரு தடவை என்னோட பிழையை நீ பிடிச்சது உனக்கு ஞாபகம் இல்லியா? அந்தக் கறிக்கடைக்காரரு ஒரு வாரம் ஊருக்கே கூடக் கூடக் கறி போட்டிருப்பாரு."

தனக்கு ஞாபகம் இல்லை என்றாள் அவள். அவர் அதைக் கேட்டுக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. "நல்லதாப் போச்சு, மறந்தே இரு" என்றார். தன்னை முன்னால் உட்காரவைத்தது பற்றி அவள் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். அன்று மேசையோரம் அவள் சரிந்ததை நேரில் பார்த்தவர் அவர்தான். கல்லைத் தூக்கும்போது மறுபடியும் விழுந்துவிடுவாளோ என்ற பயம்தானே தவிர, கணக்குத் தப்பியதற்காக இல்லையாம். இதை அப்போதே சொல்லியிருந்தால் எவ்வளவோ மிச்சமாகியிருக்கும் என்று அவள் நினைத்தாள், சொல்லவில்லை. அவளும்தான் எதையும் சொல்லவில்லையே. பின்கட்டுக்குப் போய் விளக்கைப் போட்டாள். ஒரு மீன்கடைத் தராசு காத்துக்கொண்டிருந்தது. மூக்கைச் சுளித்துக்கொண்டு, ஆசையோடு, அதன் திருகுகளைக் கழற்ற ஆரம்பித்தாள்.

அந்த வாரக் கடைசியில் நாத்தனாரைக் கீழே கூப்பிட்டார்கள். அண்ணன் விஷயத்தைச் சொல்லிவிட்டிருந்தார் போலிருக்கிறது. வந்ததும் வராததுமாக அண்ணியின் தோளைப் பிடித்து அழுத்திவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல நாற்காலியில் உட்கார்ந்தாள். ஜன்னல் வழியாக இறங்கிய கதையை அவளும் ஒருமுறை சொன்னாள். அவளுடைய கதையில் ஜன்னல் இன்னும் உயரமாக இருந்தது. பிறகு தன் அழகு நிலையத்தின் பெயரை அடித்துப் பார்க்க வேண்டும் என்றாள். ஒற்றை விரலால் தேடித் தேடித் தட்டினாள். நடுவில் ஓர் எழுத்து மாறி விழுந்துவிட்டது.

"அண்ணி, இதை எப்படி அழிக்கறது?"

"அழிக்கறதை இன்னும் எழுதலையே."

"அப்ப என் கடைப் பேர்?"

"இப்போதைக்கு அதுதான் உன் கடைப் பேர்" என்றார் அண்ணன், துணியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நாத்தனார் அந்தப் பிழையோடேயே பெயரை முடித்துவிட்டு, ஈரத்தில் ஊறிப் பிழைத்த போனை எடுத்துத் திரையைப் படம் பிடித்துக்கொண்டாள்.